காப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை, ஒஹாயோவில் என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் நடந்த ஒரு எஸ்டேட் சேலுக்குப் போயிருந்தேன். இறந்துபோனவரின் வீட்டைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு ஒட்டி விற்பார்கள். ஸ்பூன் முதல் கட்டில் வரை. புத்தகம் பார்க்கத்தான் போனேன். பேஸ்மென்ட்டில் இருந்த ஒரு பழைய மரவேலை இயந்திரத்தை 150 டாலருக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு நீளமான எஃகுக் குழாய்கள், அவற்றின் மேல் நகரும் ஒரு தலைப்பகுதி, ஒரு மேசை, ஒரு மோட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரே மோட்டாரில் வட்ட ரம்பத்தை மாட்டினால் பலகை அறுக்கலாம். அதைக் கழற்றிவிட்டால் லேத்தாக மாறி மரம் கடையும். உப்புத்தாள் ஒட்டிய தட்டை மாட்டினால் தேய்த்துக் கொடுக்கும். படுத்தவாக்கில் பக்கவாட்டில் துளை போடும், நிமிர்த்தி வைத்தால் மேலிருந்து துளை போடும். ஐந்து வேலை. ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், 1947இல் ஷாப்ஸ்மித் என்ற பெயரில் இந்த வகையைப் பிரபலமாக்கினார். பட்டறைக்கென்று தனி இடம் இல்லாத வீடுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பார்த்து வேறு கம்பெனிகளும் செய்தன. என்னுடையது அப்படி ஒன்று. செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

அந்த வீட்டுப் பெரியவர் ஒழுங்கானவர் போல. ஒவ்வொரு உதிரி பாகத்தையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருந்தார். ஒன்று மட்டும்தான் இல்லை. ரம்பத்தின் மேல் மூடியிருக்க வேண்டிய கார்டு. அவருடைய மகளிடம் கேட்டேன். அவருக்கே அறுபது வயதிருக்கும். யோசித்துவிட்டு, “அப்பா அதை மாட்டி நான் பார்த்ததே இல்லை” என்றார்.

அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு பார்ட் தானே, தேடினால் கிடைக்கும்.

எழுபது வயது இயந்திரத்தை மீட்டெடுப்பது நான் நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. பேரிங்குகளுக்கு நிலையான எண்கள் உண்டு, எண்ணைச் சொன்னால் வந்துவிடும். பெல்ட்டும் அப்படியே. ஸ்விட்ச், ஒயர் எல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையில். துருவைச் சுரண்டி மெழுகு பூச மூன்று வார இறுதிகள் போயின. இயந்திரத்தை ஓடவைக்கும் பாகங்கள் எல்லாம் உலகத்தில் இன்னமும் புழக்கத்தில் இருக்கின்றன. கையைக் காப்பாற்றும் பாகம் மட்டும் இல்லை.

கார்டு என்றால் வெறும் மூடி என்று நினைத்திருந்தேன். அதன் உயிர் மூடியில் இல்லை, பின்னால் நிற்கும் ஸ்ப்ளிட்டர் என்கிற மெல்லிய தகட்டில் இருக்கிறது. பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, மரத்துக்குள் பல வருடங்களாகத் தங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு, அறுபட்ட இரண்டு பாதிகளும் சில சமயம் ஒன்றையொன்று நோக்கி வளைந்து பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலே எழும்பி வருகிறவை. அவை பலகையைத் தூக்கி, நிற்கிறவன் வயிற்றைப் பார்த்து எறியும். பலகையைப் பிடித்திருந்த கை பிளேடு பக்கம் போகும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ‘கையை எடுத்துக்கொள்ளலாம்’ என்பதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. அந்தப் பாதிகள் ஒட்டாமல் நடுவில் நிற்பதுதான் ஸ்ப்ளிட்டரின் வேலை.

அது நிற்க வேண்டுமென்றால் பிளேடின் உடலைவிடக் கொஞ்சம் தடிமனாக, பல் போடும் வெட்டைவிடக் கொஞ்சம் மெலிதாக இருக்க வேண்டும். சாதாரண பிளேடின் வெட்டு ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர், இன்று பலர் வாங்கும் மெல்லிய பிளேடில் 2.4. பழையதற்குச் செய்த ஸ்ப்ளிட்டர் புதியதில் மரத்தைப் பாதியிலேயே சிக்கவைக்கும். சிக்கிய மரத்தை நாம் அழுத்தித் தள்ளுவோம். காப்பாற்ற வந்ததே கையைப் பிளேடு பக்கம் தள்ளிவிடும்.

ஷாப்ஸ்மித்துக்கான கார்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பிடிப்பு வளையத்தின் விட்டம் என் இயந்திரத்துக்குச் சேரவில்லை. கடைந்து பெரிதாக்கினேன், மாட்டிவிட்டது. ஆனால் ஸ்ப்ளிட்டர் பிளேடின் நேர்கோட்டிலிருந்து ஒரு மயிரிழை விலகி நின்றது. சாதாரண மேசை ரம்பத்தின் கார்டு? அங்கே சாய்வாக அறுக்க பிளேடு சாயும், ஸ்ப்ளிட்டரும் கூடவே சாயும். என்னுடையதில் பிளேடு நேராக நிற்கும், மேசைதான் சாயும். மேசையில் மாட்டிய எதுவும் முதல் சாய்விலேயே கோணலாகிவிடும். தொட்டால் நின்றுவிடும் ரம்பம் இருக்கிறதே என்பீர்கள். 1999இல் ஸ்டீவ் காஸ் என்பவர் கண்டுபிடித்தது, தோலின் மின்கடத்தலை உணர்ந்து சில மில்லிசெகண்டுகளில் பிளேடை நிறுத்துகிறது. அதற்கு ரம்பத்தையே அப்படிக் கட்டியிருக்க வேண்டும். பழையதில் ஒட்டவைக்க முடியாது.

இந்தத் தேடலில் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்தது. விற்பனைக்கு வரும் பழைய கார்டுகளின் படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பேன். இயந்திரங்கள் தேய்ந்திருக்கும், மேசையில் வெட்டுத் தழும்பு இருக்கும். கார்டு மட்டும் பெயின்ட்கூடப் போகாமல் பளபளவென்று இருக்கும். யாரும் அதைத் தொலைக்கவில்லை. வாங்கிய முதல் மாதத்திலேயே கழற்றி ஷெல்ஃபில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இறந்த பிறகு ஷெல்ஃப் ஒரு பக்கமும் இயந்திரம் ஒரு பக்கமும் போயிருக்கிறது.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. பலகையின் நடுவில் பள்ளம் வெட்ட வேண்டுமானால் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். லேத்துக்கு மாற வேண்டுமானாலும் கழற்ற வேண்டும். ஐந்து வேலை இயந்திரத்தில் ஒரே சாயங்காலத்தில் மூன்று தடவை கழற்றி மாட்டணும். ஒருநாள் மாட்டாமல் அறுப்போம், ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒன்றும் ஆகாது. என் தொழிலில் இது அன்றாடம். ரிலீஸ் அவசரத்தில் ஒரு சோதனையை ‘தற்காலிகமாக’ கமென்ட் செய்து வைப்போம். ஆறு வருடம் கழித்து வேறு யாரோ அதைக் கண்டுபிடிப்பார்கள், அதுவும் எல்லாம் உடைந்த ராத்திரியில்.

“நாற்பது வருஷம் கார்டு இல்லாம அறுத்தேன், பாரு, பத்து விரலும் இருக்கு” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டும் பெரியவர்களை இங்கே நிறையச் சந்தித்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் ஒன்பது விரல் இருக்கிறவர் கையை விரித்துக் காட்டுவதில்லை. பாக்கெட்டில் வைத்திருப்பார்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? கார்டு இல்லாமலேயே நான்கு மாதம் அறுத்தேன். தள்ளுகட்டை வைத்திருக்கிறேன், பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கமாட்டேன், கவனமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பன் ஒருவன் வந்தான். இருபத்தாறு வயது, வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி செய்ய ஆசை. மரத்தையும் வாங்கி வந்துவிட்டான். நான் இரண்டு பலகை அறுத்துக் காட்டினேன்.

“அண்ணா, அடுத்தது நான் அறுக்கட்டுமா? ஒண்ணே ஒண்ணு.”

“வேணாம்டா. கார்டு இல்ல.”

“நீங்க மட்டும் இப்பதானே அறுத்தீங்க?”

பதில் வரவில்லை. மீதிப் பலகைகளையும் நானே அறுத்துக் கொடுத்தேன். அவன் முகம் சுருங்கித்தான் போனது. ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன், அவன் விரலுக்கு ஏதாவது ஆனால் நான்தானே பொறுப்பு என்று. அவள் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள்: “அப்போ உன் விரலுக்கு யார் பொறுப்பு?”

என் விரல் என்னுடையது, அதை வைத்து என்ன செய்வதென்று நான் முடிவு செய்துகொள்கிறேன். இது தற்காலத்தில் மிகவும் மதிக்கப்படும் பதில். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ‘ஆன் லிபர்ட்டி’யில் இதைத்தான் வாதிட்டார்: மற்றவருக்குத் தீங்கு வராதவரை ஒருவனை அவன் நன்மைக்காகக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதில் ஒரு பாலம் வரும். பாதுகாப்பற்ற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம். ஏனென்றால் ஆற்றில் விழுவது அவன் விருப்பமல்ல. ஆனால் ஆபத்து நிச்சயமில்லை, விழ வாய்ப்பு மட்டும் உண்டு என்றால் எச்சரித்துவிட்டு அவனிடமே விட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கில் நண்பனைத் தடுத்தது சரி, அவனுக்கு அந்தப் பாலம் தெரியாது. நான் அறுத்ததும் சரி, எனக்குத் தெரியும்.

எனக்கு உறுத்தியது அந்த ‘தெரியும்’ என்ற வார்த்தை. யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை காலை காபி குடித்துவிட்டு ஸ்ப்ளிட்டர் தடிமனை அளக்கிற எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஆன்கால் பார்த்துவிட்டு, ராத்திரி பத்தரை மணிக்கு ‘இந்த ஒரு துண்டை முடிச்சுட்டுப் படுக்கலாம்’ என்று கராஜுக்குப் போகிறவனுக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்கும்? அவனும் என் பெயரைத்தான் வைத்திருக்கிறான், ஆனால் என் கவனத்தை வைத்திருக்கவில்லை. நண்பனுக்குக் கொடுக்க மறுத்ததை அவனுக்கு நான் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கவனம் என்ற வாதம் பழையது. இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று பிரிட்டனில் 1844இலேயே ஆலைச் சட்டம் வந்துவிட்டது. அதை முழுதாக அமல்படுத்த முனைந்தபோது 1855இல் ஆலை முதலாளிகள் சங்கம் கட்டி எதிர்த்தார்கள். விபத்துகளுக்குக் காரணம் தொழிலாளிகளின் கவனக்குறைவு என்பது அவர்கள் தரப்பு. சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் ஹென்றி மோர்லியின் கட்டுரைகளை வெளியிட்டு அவர்களைக் கிழித்தார். ஹாரியட் மார்ட்டினோ போன்ற ஒரு தீவிர எழுத்தாளர், அரசு தலையிடக் கூடாது என்று முதலாளிகள் பக்கம் நின்று எழுதினார். 1856இல் சட்டம் தளர்த்தப்பட்டது.

இதைப் படிக்கும்போது நான் டிக்கன்ஸ் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் என் கராஜில் முதலாளியும் நான்தான், கூலியாளும் நான்தான். முதலாளியாகிய நான் வேலி போடாமல், கூலியாளாகிய என்னிடம் “பார்த்து வேலை செய்” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கார்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்தபோது ‘காப்பு’ என்ற சொல் வந்தது. திருவிழாவுக்குக் காப்பு கட்டுவார்கள். கட்டிக்கொண்டால் ஊரைவிட்டு வெளியூரில் போய்த் தங்கக் கூடாது, விரதத்தை மீறக் கூடாது. போலீஸ் விலங்கு மாட்டினாலும் ‘காப்பு மாட்டிட்டாங்க’ என்கிறோம். காக்கிற அதே பொருள் கட்டவும் செய்யும் என்பதை இந்தச் சொல் மறைப்பதில்லை. காப்பு கட்டிக்கொள்கிறவன் அந்த நேரத்தில் ஒன்றும் தவறு செய்யப் போவதில்லை. நடுவில் மனம் மாறப் போகிற தனக்காக இப்போதே கையை நீட்டுகிறான். அதை யாராவது அவன் சுதந்திரத்தைப் பறித்ததாகச் சொல்வார்களா?

எனக்குப் பொருந்தும் காப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் பிளேடை அச்சில் பூட்டும் ஆர்பரைக் கழற்றி எடுத்துவிட்டேன். அது இல்லாமல் இந்த இயந்திரத்தில் ரம்பம் ஓடாது. லேத், துளை, தேய்ப்பு மட்டும் ஓடுகின்றன. அவையும் ஆபத்துதான், ஆனால் அவற்றுக்கு வேண்டிய முகக்கவசம் கடையில் கிடைக்கிறது. நீளவாக்கில் அறுக்க வேண்டியதை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடுகிறேன், கூலி ஆகிறது. நண்பன் சிரித்தான்: “அஞ்சு வேலை மிஷின்னு சொன்னீங்க, நாலுதானே செய்யுது. இதுக்குப் பேரு ரெஸ்டோரேஷனா?”

நியாயமான கேள்வி. அந்தப் பெரியவரின் மகள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்றும் தோன்றும். அவர் அப்பா காப்பில்லாமல் கடைசிவரை பத்து விரலோடு இருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஆர்பர் இப்போது மாடியில், என் அலுவலக மேசையின் கீழ் டிராயரில், அந்தப் பெரியவர் பெயர் எழுதிவைத்த அதே டப்பாவில் இருக்கிறது. கராஜிலிருந்து அங்கே போய் எடுத்துவர இரண்டு மாடிப்படி ஏறணும், மனைவியைத் தாண்டிப் போகணும். ராத்திரி பத்தரை மணிக்கு இருமுறை பாதி ஏறியிருக்கிறேன். என்றாவது இந்த இயந்திரத்தை விற்றால் டப்பாவையும் சேர்த்துக் கொடுப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குகிறார், அவருக்கு அது சேர வேண்டியதுதான். அவர் எந்த மணிக்கு அறுப்பார் என்பது எனக்குத் தெரியாது.

நண்பன் போன வாரம் லேத்தில் முதல் கிண்ணத்தைக் கடைந்து முடித்தான். ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். நான் சனிக்கிழமை காலைகளில் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.