கொடுக்கப்படாத பொன்

கள்ளாமை என்னும் அணுவிரதத்தைக் காப்பது எளிது என்றே நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். பிறர் வீட்டுச் சுவரை நாம் துளைப்பதில்லை. பிறர் பெட்டியைத் திறப்பதில்லை. ஆகவே அந்நோன்பு பழுதின்றி இருப்பதாக மனநிறைவு கொள்கின்றோம். ஒரு கைக்கடிகாரம் வீடு தேடி வரும் வரையில் நாமும் அவ்வாறே இருந்தோம்.

அது 1986ஆம் ஆண்டு. திருப்பூரில் ஆசிரியையாகப் பணியாற்றி வந்தோம். நம் தெருவில் குடியிருந்த அம்மையார் ஒருவர் கணவரை இழந்து ஓராண்டும் நிறையவில்லை. கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவருடைய நெடுநாள் உழைப்பைப் பாராட்டி, முதலாளி தம் கையில் கட்டியிருந்த கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தாராம். இப்போது மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வேளை. "தங்க முலாம் போட்டதுன்னு அவரு சொல்லுவாருங்க டீச்சர். நீங்க பாத்து என்ன குடுத்தாலும் சரிங்க" என்றார் அம்மையார்.

நம் தந்தையார் கடிகாரங்களில் பெருநாட்டம் உடையவர். பின்மூடியைத் திறந்து உட்புறக் குறிகளைப் படிக்கச் சிறுவயதிலேயே நம்மைப் பழக்கியிருந்தார். முலாம் பூசியதாயின் பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் பொறித்திருப்பதுண்டு. 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவே பொன். பின்மூடி பெரும்பாலும் எவர்சில்வராக இருக்கும். வார் உராயும் முனைகளில் வியர்வை பட்டுப் பூச்சுத் தேய்ந்து, உள்ளிருக்கும் வெண்மையோ செம்மையோ தலைகாட்டும். உறை முழுதும் பொன்னாயின் தேய்ந்த இடத்திலும் நிறம் மாறாது. உள்ளே 18 காரட்டுக்கு 0.750 என்றும், 14 காரட்டுக்கு 0.585 என்றும் எண் காணப்படும். சுவிட்சர்லாந்து நாட்டின் பழைய அரசு முத்திரையில் 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை. 14 காரட்டுக்கு அணில். 1995 முதல் இவற்றை நீக்கி நாயின் தலையை வைத்துள்ளனர். பொன்னுக்குக் காவல் நாயே பொருத்தம் என்று கருதினர் போலும்!

அன்று பின்மூடியைத் திறந்தோம். பெண்ணின் தலை இருந்தது. 0.750 என்ற எண்ணும் இருந்தது. மூடினோம். அறுநூறு ரூபாய் கொடுத்தோம். அவர் கண்கலங்கி நன்றி கூறிச் சென்றார்.

பின்னர்ப் பத்தரிடம் கொடுத்துப் பொறியை நீக்கி உறையை மட்டும் நிறுத்தபோது சரியாக ஒரு சவரன் இருந்தது. எட்டு கிராமில் நான்கில் மூன்று பங்கு, அதாவது ஆறு கிராம், பசும்பொன். அவ்வாண்டில் பத்து கிராம் ஏறத்தாழ 2,100 ரூபாய்க்கு விற்றது. ஆகப் பொன்னின் மதிப்பே 1,250 ரூபாய்க்கு மேல். ஓடும் பொறியின் மதிப்பு வேறு.

'நாம் பொய் சொல்லவில்லையே. முலாம் கடிகாரத்துக்கு அறுநூறு மிகுதியன்றோ' என்று நெஞ்சுக்குச் சமாதானம் கூறிக்கொண்டோம். இவ்வழக்கு பழமையானது என்பது பின்னரே தெரிந்தது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதே வினா வருகிறது: ஒருவன் பொன்னைப் பித்தளை என்றெண்ணி விற்க வந்தால், நல்லவன் உண்மையைச் சொல்வானா, ஆயிரம் காசு பெறுவதை ஒரு காசுக்கு வாங்கிக்கொள்வானா? அந்நூலில் பேசப்படும் ஸ்டோயிக் அறிஞருள் டயோஜெனிஸ், வாய்திறவாமை வேறு, மறைத்தல் வேறு என்று வாதிடுவார். ஆன்டிபேட்டர் அதற்கு உடன்படார்.

நம் உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரமோ ஏழாம் அத்தியாயத்தில், கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று முடித்துவிடுகிறது. அம்மையார் கொடுத்தது முலாம் பூசிய கடிகாரம். அதிலிருந்த ஆறு கிராம் பொன்னை அவர் அறியார். அறியாததை எங்ஙனம் கொடுத்திருப்பார்? போலியை மெய்யென விற்பதையும் அந்நோன்பின் அதிசாரங்களுள் ஒன்றாக அதே அத்தியாயம் எண்ணுகிறது. பழைய கடிகாரத்தின் முகப்பில் புதுச்சாயம் எழுதிப் பழமை மாறாதது என விற்போர் அதில் அடங்குவர். நாம் செய்தது அதன் மறுபுறம்: மெய்யைப் போலியென்றே இருக்கவிட்டு வாங்கியது.

அறிவுக்குக் கூலி இல்லையா என்று வணிகம் செய்யும் அன்பர்கள் கேட்கலாம். காதர்பேட்டையில் ஒரு செகண்ட்ஸ் லாட்டின் தரத்தைத் துணியைத் தொட்டே அறிந்து மலிவாக எடுப்பவரை நாம் கள்வர் என்னோம். அங்கே விற்பவரும் வாங்குபவரும் தத்தம் கண்ணோடு வருகின்றனர். அம்மையார் சந்தைக்கு வரவில்லை. 'நீங்க பாத்து' என்று நம் கண்ணைத்தான் இரவல் கேட்டார். அறியாதார்க்கு அறிவிப்பதற்காகவே சம்பளம் பெற்றவர் நாம்.

அக்கடிகாரத்தை ஒருநாளும் நாம் கட்டியதில்லை. அம்மையார் குடும்பம் வீடு மாற்றிப் போனது. தேடாமல் காலம் கடத்தியது நம் இரண்டாவது பிழை. 2022இல், செக்கிங் வேலைக்குச் செல்லும் அவர் மகளைக் கண்டுபிடித்தபோது தாயார் இல்லை.

எதைத் திருப்புவது என்பதே பெருங்குழப்பமாக இருந்தது. அன்றைய விலைக் குறைவையா, அதன் வட்டியையா, இன்றைய பொன்விலையையா? எந்தக் கணக்கும் நமக்குச் சாதகமாகவே முடியும் என்று தோன்றியதால் பொருளையே எடுத்துச் சென்றோம். காரட்டும் எடையும் குறிகளும் எழுதிய தாள் ஒன்றையும் உடன் வைத்தோம். 2021 ஜூன் முதல் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டபோதும், கைக்கடிகாரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முத்திரை இல்லை என்று சொல்லிக் கடைக்காரர் விலையைக் குறைக்கக்கூடும். உறையை உருக்கினால் பொறி வீணாகும் என்பதையும் எழுதியிருந்தோம்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அம்மகள் தாளை இருமுறை படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று வந்தார்.

"அப்படீன்னா அம்மா வாங்குன அறுநூறு ரூபாயத் திருப்பித் தரோணுமுங்களே, டீச்சர்" என்று எண்ணி நீட்டினார்.

வாங்கிக்கொண்டோம்.