எந்தக் கடலில் குளிப்பது?

ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிற நாங்கள் ஆறு பேர், இரண்டு வருஷமாக மாசம் மூவாயிரம் போட்டுச் சேர்த்து வந்தோம். ஆறு பேருமே காலனிக்காரர்கள். குடும்பத்தோடு வெளிநாட்டில் ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய் நாலு நாள் சும்மா இருப்பது என்று முடிவு. கோயிலும் இல்லை, உறவுக்காரர் வீடும் இல்லை. சும்மா இருக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

பாரூருக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "கடலப் பாக்க ஏரோப்ளேன்ல போவணுமா? நம்ம ஏரியே கடலாட்டம் கெடக்குது. தண்ணி எங்க இருந்தா இன்னாடா, தண்ணிதான்" என்றார். தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து நிறைகிற ஏரி அது. நிறைந்திருக்கும்போது பார்த்தால் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் பிறந்த ஊரில் கிணற்று மேட்டுக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனசு வந்து ஊற்றும்வரை வெயிலில் நின்றவர். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் கையில் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக இல்லை என்பதை அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் கடலுக்குப் போவதும் அந்த வரிசையில் வருமா? வராது. மகாத்தோடு பட்டாயாவை ஒப்பிட்டால் செருப்பால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். ஆனாலும் விஷயத்தை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், "உங்களுக்கெல்லாம் இன்னாத்துக்குப்பா ஃபாரின் டூரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இயக்கத் தோழர் ஒருவரோ, பஞ்சமி நிலம் மீட்கப்படாமல் கிடக்கும்போது உனக்கு உல்லாசம் கேட்கிறதா என்று சிரிக்காமல் கேட்டார். இரண்டு கேள்விகளும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுமே, நமக்கு ஓய்வு என்பது காரணம் சொல்லி வாங்க வேண்டிய பொருள் என்று நினைக்கின்றன. தோழருக்கு நான் சொன்ன பதில் இது. 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார். 1945இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு விடுமுறை என்பதைச் சட்டமாக்கினார்கள். அடுத்த வருஷம் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆனது. உழைப்பவனுக்கு உழைக்காத நேரமும் சொந்தம் என்பது அந்தச் சட்டங்களுக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் அவன் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளாத பயம். 2012 நவம்பர் 7, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. பக்கத்து மாவட்டம் எங்களுக்கு. ஒரு காதல் கலியாணத்தைக் காரணம் காட்டி இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்து வாங்கிய பீரோ, டிவி, மோட்டார் சைக்கிள், நகை எல்லாம் போனது. நம் வறுமையைச் சகித்துக்கொள்கிறவர்களுக்கு நம் சந்தோஷத்தைச் சகிக்க முடியவில்லை. அதனால்தான் எங்கள் ஆறு பேரில் ஒருவன் முதல் நாளே சொன்னான்: "மச்சான், போட்டோ எடுக்கலாம். ஆனா ஊரு குரூப்புல எவனும் போடக்கூடாது."

சரி, எங்கே போவது? முதலில் வந்த பேச்சு தாய்லாந்து. 2023 நவம்பரில் அவர்கள் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆக்கியதிலிருந்து ஓசூரில் வாட்ச்மேன் வரைக்கும் பட்டாயா கணக்குத் தெரிந்து வைத்திருக்கிறான். பட்டாயா மீனவ கிராமமாக இருந்த இடம். வியட்நாமில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இளைப்பாற வந்து வந்துதான் அது அப்படி ஆனது. அங்கே இரவில் நிற்கிற பெண்களில் பலர் ஈசான் என்கிற வடகிழக்குப் பகுதியின் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வேறு யாருக்கும் உறுத்தாவிட்டாலும், தேவதாசி என்றும் ஜோகினி என்றும் பெயர் வைத்து எந்தச் சேரிகளிலிருந்து பெண்களைக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்த நமக்கு உறுத்த வேண்டும். குடும்பத்தோடு போகிறோம், நாம் ஏன் அந்தத் தெருவுக்குப் போகப் போகிறோம் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்தத் தெருவுக்குப் போகாமல் அதன் விலைமலிவை மட்டும் வாங்கிக்கொள்ள முடியுமா என்பது எனக்குத் தீரவில்லை.

என் ஆசை காங்கேசன்துறை. நாகப்பட்டினத்திலிருந்து அங்கே 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். அது நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ஏறத்தாழ நாலு மணி நேரப் பயணம். என் தாத்தாவின் தம்பி தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். சிலோன் தாத்தா என்று பெயர் மட்டும் வீட்டில் இருக்கிறது, முகம் இல்லை. 1888இல் காந்தி லண்டனுக்குக் கப்பலேறியதற்காக அவருடைய பனியா சாதி அவரைத் தள்ளி வைத்தது. நம் ஆட்கள் ஆயிரமாயிரமாய் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து கடல் தாண்டினார்களே, யாராவது தீட்டு என்றார்களா? கூலிக்குப் போனால் கடலுக்குத் தீட்டில்லை போலிருக்கிறது. போனவர்களை 1948இல் இலங்கை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன. அந்தக் கடலில் திரும்பி வர டிக்கெட்டோடு ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "அங்க தமிழ்தான பேசுவாங்க? பேசனா, எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேப்பாங்க இல்ல?"

காங்கேசன்துறையில் இறங்கினால் பக்கத்திலேயே மாவிட்டபுரம். 1968இல் கோயிலுக்குள் விடக் கேட்டு நம் சகோதரர்கள் அங்கே நின்றார்கள். கணிதப் பேராசிரியராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சுந்தரலிங்கம் வாசலை மறித்து நின்றார். அந்த யாழ்ப்பாணத்தின் சாதியைத்தான் கே. டானியல் 'பஞ்சமர்' என்று எழுதினார். நான் இதையெல்லாம் அவளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று. அவள் முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: "நீ போராட்டத்தப் பாக்கப் போற. நான் நாலு நாளு நான் யாருன்னு யாருக்கும் தெரியாத எடத்துல இருக்கணும்."

மொழி புரியாத ஊரில்தான் நாம் வெறும் மனுஷர்களாக இருக்க முடிகிறது. தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிற நானே இதை எழுத வேண்டியிருக்கிறது. பரம்பரைக் காயத்தைத் தடவிப் பார்க்க அவளுடைய ஓய்வைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை.

மாலத்தீவு என்று முடிவானது. அங்கே 1972இலிருந்து ஆளில்லாத தீவுகளில் விடுதி கட்டி, வெள்ளைக்காரர் ஒரு தீவில், ஊர்க்காரர் வேறு தீவில் என்று வைத்திருந்தார்கள். ஊர், சேரி மாதிரி கடலிலேயே கோடு. பணமுள்ள விருந்தாளிதான் அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்பது ஒன்றுதான் வித்தியாசம். 2010 வாக்கில் ஜனங்கள் வாழ்கிற தீவுகளிலும் சின்ன விடுதிகள் வர ஆரம்பித்தன. எங்கள் காசுக்கு அதுதான் கட்டும். அந்தத் தீவுகளில் சாராயம் கிடையாது என்று தெரிந்ததும் இரண்டு மச்சான்களின் முகம் செத்துப்போனது, அது வேறு கதை.

என் மனைவி ஓசூரில் ஒரு லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங். ஒரு ஷிஃப்டில் எத்தனை படுக்கை விரிக்க முடியும், வாடகை குறைந்த லாட்ஜில் யார் கூலி குறைந்திருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். விடுதிப் படங்களை போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், "இதையெல்லாம் யார் கூட்டறது?" என்றாள். வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்றேன். "இவ்ளோ கம்மி வாடகைன்னா அவங்களுக்கு இன்னா குடுப்பாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாலு நாளும் படுக்கைய நானே மடிச்சி வச்சிடறேன்" என்றாள்.

"அப்ப நீ எங்க சும்மா இருக்கப் போற?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பாஸ்போர்ட் ஆபீசுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள்.