சிரமபரிகாரம்

வெளியூரிலிருந்து நடந்து வந்து திண்ணையில் அமரும் விருந்தாளியை நோக்கி, "முதலில் சிரமபரிகாரம் செய்துகொள்ளுங்கள், மற்றவற்றைப் பிறகு பேசலாம்" என்று சொல்லும் வழக்கம் நம் பெரியோர்களிடம் இருந்தது. தோஷத்துக்கும் பாவத்துக்கும் வழங்குகிற பரிகாரம் என்னும் கனத்த சொல்லை வெறும் உடற்களைப்புக்கும் உரியதாக்கியதன் மூலம், களைத்து வந்தவனுடைய களைப்பைப் போக்குவது வீட்டுக்குடையவனின் தர்மம் என்று அவர்கள் கொண்டிருந்தார்கள். வாசற்படியைத் தாண்டாமலேயே இரவும் பகலும் நெடும் பிரயாணம் செய்துகொண்டிருக்கும் ஒருத்தியிடம் அந்த உபசார வார்த்தையைச் சொல்ல நம்மில் எவருக்கும் தோன்றுவதில்லையே என்ற எண்ணம், ஆடி மாதத்தில் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தபோது என்னைப் பெரிதும் வருத்தியது.

நெசவே ஜீவனமாகிய அவ்வூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், எண்பதைக் கடந்த எங்கள் தாயாரை என் தமக்கையார் வைத்துப் பராமரித்து வருகிறார். ஐம்பது ஆண்டுக் காலம் ராட்டையில் தார் சுற்றிய அம்மாவுக்கு இன்று தாம் பெற்ற மக்களின் பெயர்கள் தெரியவில்லை. வெயில் இறங்கும் வேளையில், சொந்த வீட்டில் இருந்துகொண்டே, "வீட்டுக்குப் போகணும்" என்று தெருக்கதவின் தாழ்ப்பாளைத் தேடுகிறார். வலது கை மட்டும், இல்லாத ராட்டையின் பிடியைப் பற்றிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, "யாரும்மா நீ, நல்லா இருக்கியா?" என்று அம்மா கேட்க, "எத்தனை தடவை சொல்றது, நான்தான் உன் மக!" என்று அக்கா சீறிவிட்டு, கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்று அழுதார்.

ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலை ஏறியவர், மூன்று ஆண்டுகளாக அந்தப் படிகளைக் கண்ணால் காணவில்லை. "நாலு நாள் நான் பார்த்துக்கறேன், நீ மலைக்குப் போயிட்டு, மக வீட்டுலயும் இருந்துட்டு வாக்கா" என்றேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "பெத்தவளை விட்டுட்டு சாமியைப் பாக்கப் போனா, அந்தச் சாமி என்னை ஏத்துக்குமா தம்பி? களைப்பா இருக்குன்னு சொல்றதே பாவமாத் தெரியுது."

இக்கேள்வி என் தமக்கை ஒருவருடையது அன்று. இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அருகில் இருப்பவள் பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோதான். அவளுக்கு நம் சமயம் என்ன சொல்லிவந்திருக்கிறது? உபந்யாசங்களில் புண்டலீகனுடைய கதையைச் சொல்வார்கள்: பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன், வாசலில் வந்து நின்ற பகவானுக்கு ஒரு செங்கல்லை எறிந்து, அதன்மேல் நிற்கும்படி சொல்லிவிட்டான். பெற்றோர் சேவை தெய்வ தரிசனத்திலும் பெரிது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புண்டலீகன் எப்போது உறங்கினான் என்று எந்தப் பாகவதரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் அத்தனை பொறுமையோடு காத்து நின்றவர், உள்ளே வந்து, "சற்று நேரம் நான் காலைப் பிடிக்கிறேன், நீ கண்ணயர்ந்து வா" என்று சொல்லியிருந்தால் அவன் மறுத்திருப்பானா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்விஷயத்தில் எனக்குத் தெளிவு தந்தது சைவ சித்தாந்தம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்கள் ஆன்மாவின் கருவிகளேயன்றி ஆன்மா ஆகமாட்டா என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கருவி பழுதுபட்டதனால் நெசவாளி இல்லாமற்போய்விடுவதில்லை. பெயரும் உறவும் நழுவிப்போன பின்னும் அம்மா என்னும் ஆன்மா அங்கேயேதான் இருக்கிறது. இதை அக்காவும் அறிவார். அறிந்ததனால்தான் விட்டுப் போக அஞ்சுகிறார். ஆனால் அதே சித்தாந்தத்தின் மெய்கண்ட சாத்திரம் ஆன்மாவின் இலக்கணமாக மற்றொன்றையும் கூறுகிறது: அது எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும் இயல்புடையது. பளிங்கு தன்னை அடுத்த பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல என்பார்கள். சொல்லும் பெயரும் கைவிட்டுப்போன ஒரு முதியவள், தன் பக்கத்தில் இருப்பவளுடைய குரலையும் கையின் அவசரத்தையும் முகத்தின் கடுமையையுமே முழுமையாகச் சார்ந்து நிற்கிறாள். களைத்த கை குளிப்பாட்டினால் அவள் திமிறுகிறாள். தூக்கம் கெட்ட குரல் அழைத்தால் அவள் அஞ்சுகிறாள். ஆகவே மகளின் ஓய்வைத் தாயிடமிருந்து திருடப்பட்ட பொழுதாக எண்ணுவது பெரும் பிழை என்பது என் துணிபு. அந்த ஓய்வு தாய்க்கே போய்ச் சேருகிறது.

இன்னும் ஒன்று உண்டு. இறைவனுடைய ஐந்தொழில்களில் சம்ஹாரத்தை அழிவு என்று கேட்டு அஞ்சுகிறோம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அதற்குக் கூறும் காரணம் இளைப்பாற்றுதல்: பிறந்தும் இறந்தும் அலுத்துப்போன உயிர்களின் சிரமம் தீரும்பொருட்டே சர்வேசுவரன் உலகை ஒடுக்குகிறான். உலகமே சற்று ஒடுங்கி நிற்கவேண்டும், உயிர் களைத்திருக்கிறது என்று கருதுகிற கருணையை, சமையலறைக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று ஆண்டுகள் நடந்த ஒருத்திக்கு மட்டும் மறுக்க நமக்கு அதிகாரம் ஏது? தணிகை என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்த இடம் என்பது ஐதிகம். ஆதலால் கந்த சஷ்டியில் மற்றத் தலங்களில் நிகழும் சூரசம்ஹார விழா அங்கே நிகழ்வதில்லை. போர் முடித்த தெய்வத்துக்கும் ஓர் இளைப்பாறும் குன்று வேண்டியிருந்தது. அதன் 365 படிகளை ஆண்டின் நாட்களாகப் பாவிப்பார்கள். அக்காவின் ஆண்டில் மட்டும் அவர் நின்று மூச்சு வாங்க ஒரு படியும் இல்லை.

ஆனால் அவர் அப்படி இளைப்பாற ஒரு மாற்றாள் வேண்டும்; வெறும் காவலாள் போதாது. அம்மாவை எந்தச் சொல்லால் அழைத்தால் திரும்புவார், குளிக்க மறுக்கும்போது எப்படிப் பேச்சை மாற்றவேண்டும், மாலையில் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் "இதுதான் வீடு" என்று வாதிடாமல் தெருக்கோடி வரை கூட நடந்து திரும்பவேண்டும் என்பதெல்லாம் அறிந்த ஒருவர், வீட்டார் இருக்கும்போதே நாலைந்து நாள் வந்து பழகியிருக்கவேண்டும். இவை பெரும் படிப்பைக் கோருவன அல்ல. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில், உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்டவர்கள் ஆறு மாதம் வீடுதேடிச் சென்று, பராமரிப்பவர்களுக்கு வழிகாட்டியும் ஆறுதல் கூறியும் வந்தார்கள். அந்தக் குடும்பத்தாரின் மனநலம் தேறியது. 1992-இல் கேரளத்தில் தோன்றிய அல்ஸைமர் சங்கமும், சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனமும் இத்துறையில் உழைத்து வருகின்றன. தமிழ்நாட்டு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். தணிப்பு என்ற அந்த நல்ல சொல் நோயாளியின் கட்டிலோடு நின்றுவிடாமல், கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருப்பவளையும் எட்டவேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகலாவது, பழகிய ஒரு பெண்மணி வந்து, "நீங்க போய்ப் படுங்கம்மா" என்று சொல்லவேண்டும். ஊர்தோறும் அன்னதானத்துக்கு முன்வரும் உபயதாரர்கள் இந்தப் பிற்பகலுக்கும் உபயம் செய்யலாகாதா?

கடைசியில் அக்கா அரைமனத்தோடு மலைக்குப் புறப்பட்டுப் போனார். முதல் நாள் அம்மா என் கையால் சாப்பிடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் ஒரு நூற்கண்டைக் கையில் கொடுத்தேன். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மாலை முழுவதும் சுற்றினார். மூன்றாம் நாள் அக்காவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார், "என்னம்மா" என்றேன்.

நாலாம் நாள் அந்தி வேளையில் அக்கா மலைப் பிரசாதத்தோடு வந்து, அம்மாவின் நெற்றியில் விபூதி இட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா நீ, நல்லா இருக்கியா?" என்றார்.

"நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூலின் மறுமுனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.