இடமில்லை யென்னுஞ் சொல்

அறஞ்செய்வார்க்கு நேரும் இடர்களுள், வந்தவர் பலராய் இடஞ் சிலர்க்கேயாகும் நிலை மிகக் கொடிது. ஐம்பதின்மர் துயிலும் உறைவிடத்து வாயிலில் ஐம்பத்தொன்றாமவர் வந்து நிற்பாராயின், அவரை மீளவிடுத்தல் குற்றமாமோ, அன்றோ என்பது ஆராயத்தக்கது.

2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில், இந்நாட்டில் வீடின்றி வாழ்வோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் எனக் கண்டனர். 2010-இல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் இலட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடமேனும் ஆண்டு முழுதும் இரவும் பகலுந் திறந்திருத்தல் வேண்டுமென ஆணையிட்டது. அவ்வளவைக் காஞ்சிபுரத்தொடு பொருத்தினும், அக்குடிக்கணக்கில் 1,64,384 மக்களையுடைய அந்நகர்க்கு இரண்டின்மேல் அமையா. வீடற்றோருள் 8.3 இலட்சம் பேரோ நாட்டுப்புறத்தார். அவ்வாணை நகரங்களையே நோக்கியதாகலின், காஞ்சியை யடுத்த ஏனாத்தூர் போலுஞ் சிற்றூரிற் கூரையிழந்தவர் நகரத்து வாயிலையே நாடல் வேண்டும்.

ஈண்டு ஒருசாரார், வீடின்மை அவரவர் வினைப்பயன், பிறர் என்செய்வர் என்பர். அது பொருந்தாது. அவர் நுகர்வது பிராரத்தமாயினும், அதனைக் காட்டி உதவாதொழிதல் காண்பார்க்கு ஆகாமியமாய் ஏறும். வினையை ஊட்டுதல் இறைவன் செயல். இரங்குதல் உயிரின் கடன்.

மற்றொருசாரார், இயலாமை குற்றமன்று என்பர். உண்மையே, ஆயினும் அவ்வளவில் அமைந்துவிடுதல் தகாது. காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர், குளிரால் நடுங்கிய அடியவரது கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக ஏற்றார். மழை விடாது பெய்தது. மழை அவர் செய்ததன்று. எனினும் அதன்மேற் பழியை வையாது, துவைக்குங் கல்லில் தலையை மோதப் புகுந்தார். இறைவன் திருக்கை எழுந்து தடுத்தது. தடுத்தமையால் உயிர்விடுதல் வேண்டுவதன்று என்பதும், அருள் வெளிப்பட்டமையால் அவ்வருத்தமுந் தொண்டேயாம் என்பதும் புலப்படும்.

வருத்தம் உள்ளத்தளவில் நின்றாற் பயனில்லை. உள்ளே துயின்றோரை மட்டும் எழுதும் ஏட்டில் இடம் நிரம்பிற்று என்பதே தோன்றும்; எத்துணை இடம் போதாது என்பது தோன்றாது. மீண்டு போயினாரையும் நாடொறும் எழுதினாலன்றோ அடுத்த ஆண்டிற்கு வேண்டும் அளவு விளங்கும்? முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர் சுற்றத்தாரையும் மீண்டும் வாரியத்திற்குக் கொள்ளலாகாதென விதித்தது. பொருட்கணக்கிற்கே அத்துணைக் கண்டிப்பாயின், மறுக்கப்பட்ட உயிர்களின் கணக்கிற்கு எத்துணை வேண்டும்!

இடமில்லை யென்று சொல்ல நேர்ந்தவர், அச்சொல்லை ஏட்டிலெழுதி ஊரவர்முன் வைப்பாராயின், அது மறுப்பாகாது. மறுக்கப்பட்டவர் பொருட்டு ஊரவரை வேண்டும் வேண்டுகோளாம். வையாது மறப்பாராயின், அன்று கந்தையுடுத்துக் காஞ்சிக்கு வந்தவர் யாவரென்பதையும் மறந்தவராவர்.