குழியில் தொடங்கிய தவம்

ஒரு வீட்டில் இழப்பு வந்தால் முதல் சில நாள் ஆள் கூட்டம் இருக்கும். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் துக்கம் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது.

மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எங்கள் நிழல்தாங்கலுக்கு வருவார். பள்ளியறைக் கண்ணாடியை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒருநாள் கேட்டார்: "அதுல என் அழுத முகந்தானே தெரியுது. அய்யாவை நம்புனவ இப்படி அழலாமா?"

அழலாம், அம்மா. அந்தக் கண்ணாடி சிரித்த முகத்துக்கு மட்டும் வைத்ததல்ல. அழுகிற முகத்துக்குள்ளும் அய்யா இருக்கிறார் என்று காட்டத்தான் வைத்திருக்கிறது.

அய்யா இருந்த தவத்தை நினைத்துப் பாருங்கள். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்த அய்யா வைகுண்டர், சுவாமிதோப்பில் 6 ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் 2 ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். அடுத்த 2 ஆண்டுகள் தரையில். கடைசி 2 ஆண்டுகள்தான் உயர்ந்த இருக்கையில். எல்லாம் வல்ல அய்யாவே மண்ணுக்குள் இறங்கித்தான் தவத்தைத் தொடங்கினார். அப்படியிருக்க, துக்கத்தால் குழிக்குள் விழுந்தவரைப் பார்த்து "உடனே எழும்பு" என்று சொல்ல நாம் யார்?

பனையைப் பாருங்கள். நம் முன்னோருக்குச் சோறு போட்ட மரம் அது. ஆவணியில் பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் மேலே ஒன்றுமே தெரியாது. அதன் முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். இருட்டுக்குள் இறங்கி, அங்கேயே கிழங்கு வைக்கும். தை பிறக்கும் வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தோண்டினால் கிழங்கும் இல்லை, மரமும் இல்லை. தோண்டாமல் விட்டால் ஒருநாள் குருத்தோலை மண்ணைக் கீறிக்கொண்டு வரும். கீழே போனது வீண் போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரியும்.

துக்கத்தில் இருப்பவர்களே, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். துவையல் தவசுக்கு அய்யா தம் மக்களைக் கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்குத்தான் அனுப்பினார். கடலில் முங்கிக் குளித்து, துணி துவைத்து, வெயிலையும் காற்றையும் தாங்கி அவர்கள் தவம் செய்தார்கள். நீங்களும் விடியற்காலையில் வெளியே வாருங்கள். சுவாமிதோப்புக்குப் போகும்போது முத்திரிக்கிணற்றில் குளியுங்கள். தலையில் விழும் அந்தத் தண்ணீரோடு கண்ணீரும் போகட்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான். பக்கத்தில் குளிப்பவருக்கும் ஒரு துக்கம் இருக்கும். பிரிந்தவரின் நினைவாகக் குளத்தங்கரையில் ஒரு பனங்கொட்டை ஊன்றுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. துக்க வீட்டுக்காரர் உகப்படிப்புக்கு வரவில்லையே என்று குறை பேசாதீர்கள். ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். "மறந்துவிடு" என்று சொல்லாமல், அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கூட இருங்கள். நிழல்தாங்கலில் தினமும் பணிவிடை செய்கிறோம். வாடிய ஒருவருக்கு நிழலாய் நிற்பதும் அய்யாவுக்குச் செய்யும் பணிவிடைதான்.

குழிக்குள் இருந்த அய்யா தரைக்கு வந்தார், தரையிலிருந்து உயர்ந்த இருக்கைக்கு வந்தார். உங்களுக்கும் நாள் வரும். பொறுத்திருங்கள், மக்களே.

அய்யா சிவ சிவ அரகரா!
அய்யா உண்டு!