கன்றுக்காக யார் கணக்குக் கேட்பது?

யட்டவத்தையில் எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் பதினோரு வருஷமாக நான்தான் பொருளாளர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரையும் கும்பிட்டு வந்த பிறகுதான் எங்கள் சின்னத் திருவிழா. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை வரவு செலவு வாசிப்பேன். பாதிப் பேர் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்கள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால், "அம்மா காசுக்கு என்னா வாத்தியாரே கணக்கு? அவளுக்குத் தெரியாததா?" என்று ஒரு குரல் வரும். கூட்டம் கலைந்துவிடும். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நிம்மதிதான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் என் மகள். இங்கிலாந்தில் இருக்கிறாள், அங்கே ஒரு மிருகக் காட்சிசாலையில் சந்தா கட்டி அங்கத்தவராக இருக்கிறாள். ஒரு நாள் இரவு போனில் படபடத்தாள்: "வருஷ அறிக்கை வந்திருக்குப்பா. பக்கத்துக்குப் பக்கம் படம்தான். எத்தனை பிறந்திச்சு, எத்தனை செத்திச்சு, காட்டுல செய்யிற வேலைக்கு எவ்வளவு போச்சு, ஒண்ணும் வெளங்கல. எழுதிக் கேக்கப் போறேன்."

"குடுத்த பிறகு கணக்குக் கேட்டா புண்ணியம் போயிரும்மா" என்றேன்.

"நான் புண்ணியத்துக்குக் குடுக்கலப்பா. அந்த மிருகங்களுக்குக் குடுத்தேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீர் விட்டுத் தாரை வார்த்த பொருளில் கொடுத்தவனுக்கு உரிமை இல்லை என்றுதான் எங்களை வளர்த்தார்கள். திரும்பிப் பார்த்தால் அது தானமில்லை, கடன். இந்தப் பாடத்தில் இன்னும் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் தாரை வார்க்கும்போது கைவிடுவது பொருளின் மேலுள்ள உரிமையை மட்டும்தானா, அது போய்ச் சேரவேண்டிய உயிரின் மேலுள்ள பொறுப்பையும் சேர்த்தா? சந்தேகம் அங்கேதான் பிடித்தது.

பிறகு நானும் தேடிப் படித்தேன். ஜெரால்ட் டரல் 1959இல் ஜேர்சித் தீவில் ஒரு காட்சிசாலை தொடங்கினார். 1963இல் அது அங்கத்தவர் சந்தாவோடு நடக்கும் அறநிலையமாயிற்று. அதன் உதவி சேர்ந்த வேலைகளில் ஒன்று மொரீசியஸ் தீவின் வல்லூறு. 1974இல் காட்டில் நாலு பறவைதான் எஞ்சியிருந்தன. கூட்டில் வளர்த்து விட்டதில் சில நூறாகப் பெருகின. அதோடு கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பெருகிய தொகை மறுபடி குறைந்தது. 2014இல் அதன் அபாய நிலையை ஒரு படி கூட்டினார்கள். அசாமில் குள்ளப் பன்றிக்கும் அவர்கள் கைகொடுத்தார்கள். 1996இல் ஆறு பன்றிகளைப் பிடித்து வளர்க்கத் தொடங்கி, 2008இல்தான் முதல் 16 பன்றிகள் காடு திரும்பின. பன்னிரண்டு வருஷம்! அத்தனை வருஷ அறிக்கையிலும் "இன்னும் விடவில்லை" என்ற வரிக்குத்தான் அங்கத்தவர்கள் காசு கட்டியிருக்க வேண்டும். கணக்கு வாசிக்கிறவனுக்குத் தெரியும், அந்த வரியை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று.

எங்கள் நாட்டிலும் அறிக்கை உண்டு. திணைக்களங்களின் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கை மூன்று மொழியிலும் பாராளுமன்றத்துக்குப் போகிறது. அதில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும்? 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். 1984இல் அங்கே முதல் குட்டி பிறந்தது. பிறப்பும் நுழைவுச் சீட்டும் எண்ணுவதற்குச் சுலபமானவை. 1995இல் தொடங்கிய உடவளவை இல்லம் வேறு மாதிரி. தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்துக் காட்டுக்கே அனுப்புகிறார்கள். நூறுக்கு மேல் போய்விட்டன. உடவளவைதான் உத்தமம் என்று சொல்ல வாய் எடுக்கும்போதே பின்னவலையில் பார்த்த சாமா நினைவுக்கு வருகிறாள். கண்ணிவெடியில் ஒரு பாதம் போய், மூன்று காலில் ஆற்றுக்கு இறங்கியவள். அவளை எந்தக் காட்டுக்கு அனுப்புவது? அவளுக்குப் பிறப்புக் கட்டமும் இல்லை, விடுதலைக் கட்டமும் இல்லை. வலியில்லாமல் இன்றைக்கு நடந்தாளா என்ற கட்டம்தான் உண்டு. அதை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை.

படிவம் என்றதும் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனக் காட்சிசாலைகளுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, ஈரப்பலாவும் தேங்காயும் பறிகொடுத்த கோபத்தில் "போய்த் தொலையட்டும்" என்றவன் நான். வழக்குப் போட்டார்கள், அந்தப் பேச்சு நின்றது. பிறகு 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி. அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மலை அணில் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் எண்ணி எழுதச் சொன்னது அரசாங்கம். பதினாலு குரங்கு என்று எழுதினேன். எண்ணிக்கை சரி. ஆனால் அது என் நட்டத்தின் கணக்கு, குரங்கின் கணக்கு அல்ல.

எங்கள் சனம் இரண்டு விதமான கணக்கைக் கும்பிட்டிருக்கிறது. சித்திரபுத்திரனார் யாரும் கேட்காமலே எழுதுகிறார். சித்திரா பௌர்ணமிக்கு அவர் கதை கேட்டுவிட்டு, எல்லாம் எழுதப்படுகிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். எல்லாளன் கணக்கு வேறு. அநுராதபுரத்தில் தன் படுக்கைத் தலைமாட்டில் மணி கட்டி, அதன் கயிற்றை வெளியே விட்டிருந்தான். கன்றை இழந்த பசு வந்து அதை இழுத்தது என்று மகாவம்சமே சொல்கிறது. பக்கத்து வீட்டு அப்புஹாமிக்கும் அந்தக் கதை தெரியும். இத்தனை காலமும் நான் அதை ராஜநீதிக் கதையாகத்தான் படிப்பித்தேன். இப்போது கயிறுதான் கண்ணில் நிற்கிறது. பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அதை யாரோ யோசித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காட்சிசாலையில் இருக்கும் விலங்குக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. என் மகள் எழுதும் கடிதம்தான் அதற்குக் கயிறு. கணக்குக் கேட்டால் புண்ணியம் போய்விடும் என்று அவளிடம் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வாபஸ் வாங்கிவிட்டு என் கொப்பியைத் திறந்தேன். "நேர்த்திக் கோழி ஏலம்", "நேர்த்திக் கன்று ஏலம்". பதினோரு வருஷமும் வரவுப் பக்கத்தில் சுத்தமாகக் கூட்டியிருக்கிறேன். அம்மாளுக்கு என்று கொடுத்த உயிர் ஏலத்துக்குப் பிறகு எங்கே போயிற்று என்று ஒரு வரி இல்லை. கோழி போன இடம் கேட்கத் தேவையில்லை. கன்றுகளுக்காக இந்த வருஷம் ஒரு கட்டம் புதிதாகப் போட்டேன்: "இப்போது இருக்குமிடம்". நாலு கன்றில் மூன்றை விசாரித்து எழுதினேன்.

கூட்டத்தில் அந்த வரியை வாசித்ததும் வெற்றிலை மடித்த கைகள் நின்றன. பின்வரிசையில் இருந்த ஒரு கிழவி எழும்பினார். பேரனுக்குக் காய்ச்சல் சுகமானதற்காகக் கன்று விட்டவர்.

"நாலாவது, கறுத்தக் கன்னுதானே? அது எங்க வாத்தியாரே?"

பதினோரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி அது. கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஏலம் எடுத்தவர் உக்குவளைப் பக்கம் என்கிறார்கள். வருகிற சனிக்கிழமை பஸ் ஏற வேண்டும்.