ஊமைச் சான்று

உடைந்த பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பிவைத்து ஒரு கோப்பையைப் படமெடுத்தால் அது பொய்யாகுமா? சிறியதாய்த் தோன்றும் இக்கேள்வி எங்கள் உடன்பிறப்புகளிடையே சில நாள் அமைதியைக் குலைத்தது.

எங்கள் அன்னை மறைந்து ஓராண்டு நிறைந்த வேளையில், செங்கற்பட்டு வீட்டின் வடக்குச் சன்னலோரம் மேசையிட்டு, அவர் புழங்கிய பொருள்களைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிக்க முனைந்தோம். பின்னால் கறுப்புத் துணி; நிழல் மிகவும் இருண்டுவிடாதபடி எதிர்ப்புறம் வெள்ளைத் தெர்மோகோல் பலகை. மேசைமேல் மூக்குக்கண்ணாடி, செபமாலை, மாமல்லபுரக் கரையில் அவர் பொறுக்கிவந்த சங்கு, கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை.

அக்கோப்பை தானாக உடையவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் எங்களுள் ஒருவர் சினத்தில் அதைத் தட்டிவிட, கைப்பிடி பெயர்ந்தது. அன்னை ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் கழுவி எடுத்துவைத்தார். இறுதிவரை அதிலேயே, இரு கைகளாலும் அணைத்துப் பிடித்து, காப்பி அருந்தினார்.

படத்தின் அழகு கருதி ஒருவர் அதைத் திருப்பிவைத்தார். மற்றொருவர் முன்போலவே வைத்தார். வழக்கு அங்கே தொடங்கியது.

ஒளிப்படக்கலையின் தொடக்ககாலத்தில், ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. மனிதர் அசைவர், பொருள்கள் அசையா. எனவே 1837-இல் பிரெஞ்சுக்காரரான தாகேர் சுண்ணச்சாந்துச் சிலைகளை அடுக்கிப் படமெடுத்தார். 1844-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் ஆங்கிலேயரான டால்பட், பீங்கான் கலங்களின் படமொன்றைச் சேர்த்து, அவை களவுபோனால் இப்படமே நீதிமன்றத்தில் ஊமைச் சான்றாகலாம் என்று கருத்துரைத்தார். சான்று என்று ஒன்று இருந்தால் பொய்ச்சான்றும் இருக்கும். எட்டாம் கட்டளை ஊமைச் சான்றுக்கு மட்டும் பொருந்தாதா?

பொருள்களை அடுக்குவதே பொய்யன்று. எதை வைப்பது, எதை விடுவது என்ற தெரிவின்றிப் படமே இல்லை. குறையை மூடுவது அன்பின் இயல்பு, அன்னையே அதைத்தானே செய்தார் என்றும் வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆயினும் அவர் மறைத்தது தம் காயத்தை. நாங்கள் மறைக்க விரும்பியதோ எங்கள் குற்றத்தை. காயப்பட்டவர் காக்கும் மௌனம் இரக்கம். காயப்படுத்தியவர் அம்மௌனத்தை எடுத்துத் தாம் போர்த்திக்கொண்டால் அது களவு.

அதற்காக உடைப்பை முன்னிறுத்திக் காட்டுவது சரியா? அது எங்கள் வருத்தத்தை விளம்பரப்படுத்துவதாகும்.

சங்கு பொறுக்கிய அன்று அன்னையுடன் ஐந்து ரதங்களைக் கண்டது நினைவுக்கு வந்தது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் அவற்றில் பல பகுதிகளை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அக்குறையை யாரும் மூடவில்லை. அதையே சிறப்பாகக் காட்டவுமில்லை. அது அதனிடத்தில் இருக்கிறது. நாங்களும் கோப்பையை அன்னை வழக்கமாக வைக்கும் வாக்கிலேயே வைத்தோம். உடைந்த இடம் பக்கவாட்டில், பாதி நிழலில் தெரிந்தது.

கைப்பேசியாயின் பலவாறு எடுத்துவிட்டுத் தீர்ப்பைத் தள்ளிப்போட்டிருப்போம். சுருளில் முப்பத்தாறு படங்களே. 1960-இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' சுருள் கிடைத்த காலமும் போயிற்று. இன்று அயல்நாட்டுச் சுருளையே வாங்குகிறோம். மாலையொளியில் ஒரு படத்துக்குப் பல வினாடிகள் வேண்டும். ஒரு வினாடியைத் தாண்டினால் சுருளின் உணர்திறன் தளரும். ஆதலால் கணக்கிட்டதற்கும் மேல் நேரம் கூட்டவேண்டும். அந்த வினாடிகளில் கோப்பையைப் பார்க்காதிருக்க எங்களுள் எவராலும் இயலவில்லை.

உருத்துலக்க இருபது பாகை வெப்பம் உகந்தது. மே மாதக் குழாய்நீரோ முப்பதைக் கடந்திருந்தது, பனிக்கட்டியிட்டுக் குளிர்வித்தோம். பின்னர் ஹைப்போக் கரைசல் ஒளிபடாத வெள்ளியுப்பைக் கரைத்து நீக்கியது. ஒளி பட்டது மட்டும் நிலைத்தது.

படம் இப்போது கூடத்தில் தொங்குகிறது. எங்கள் வீட்டுச் சிறுமி அதைப் பார்த்து, "பாட்டி கப்புக்கு ஏன் பிடி இல்ல?" என்று கேட்டாள். உடைத்தவர் சற்றே தயங்கி, முதன்முறையாக, நடந்ததைச் சொன்னார்.

நம் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும் இத்தகைய கோப்பை ஒன்று இருக்கக்கூடும். அதை யார் திருப்பிவைத்தார், யாருக்காகத் திருப்பிவைத்தார் என்று நாம் கேட்டுப்பார்ப்பது நல்லது.